ஆளுக்கு ஒரு ரேம்

அந்தப் பெட்டியை அம்மா பிரித்திருக்கவே கூடாது. இதை அவளிடமே எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும், "ஒருத்திக்கு மட்டும் எப்படி லா குடுக்கிறது?" என்று சிங்கப்பூர்ப் பாணியில் என்னையே திருப்பிக் கேட்கிறாள். கேட்டுவிட்டு, ஏதோ நான்தான் அநியாயம் பேசுகிறவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறாள். நான் ஃபேரர் பார்க்கில். அம்மா புக்கிட் மேராவில், நாங்கள் பிறந்து வளர்ந்த அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவாள். ஒரே நிறம், ஒரே கரை, ஒரே அளவு. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் அவளுக்குப் பழக்கமான புடவைக் கடைக்காரர், அவள் ஒன்றைக் கையில் எடுத்ததுமே அதே மாதிரி இன்னொன்றைத் தேட ஆரம்பித்துவிடுவார். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள் இல்லை. அக்காவுக்குப் பிடித்தது எதுவும் எனக்குப் பிடிக்காது. அம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. யாருக்கும் குறை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். குறை வைக்காமல் குறை வைக்காமல் அவள் வளர்த்ததில், நாங்கள் இருவரும் அடுத்தவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர்களாக ஆகிப்போனோம்.

நான் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்ய ஆரம்பித்தேன். ஆளாளுக்கு ஏதாவது சொன்னார்கள். என் கணவர், ஒரு வருஷம் செய்து பார், சரிப்பட்டு வராவிட்டால் பழைய வேலைக்கே போய்விடு என்றார். அக்கா வாயைத் திறக்கவில்லை. செய்து காட்டினாள். தன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவை வீடியோ எடுக்க வெளியே ஒரு கம்பெனியைப் பிடித்தாள். ஏன் என்று கேட்ட அம்மாவிடம், "இது வாழ்க்கையில ஒரு தடவை வர்ற விசேஷம்மா. இப்பத்தான் பழகுறவங்க கிட்ட எல்லாம் குடுக்க முடியாது" என்றாளாம். அதை அம்மா என்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னாள். சேதியைக்கூட இருவருக்கும் சமமாகக் கொடுக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

நான் அந்த விழாவுக்குப் போகவில்லை. என் கணவரையும் போக விடவில்லை. சொந்தச் சித்தி வராமலே அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அன்றிலிருந்து நானும் அக்காவும் பேசிக்கொள்வதில்லை.

இந்த நிலைமையில்தான் தீபாவளி வந்தது. என்ன வேண்டும் என்று அம்மா கேட்டாள். புடவை வேண்டாம், ரேம் வேண்டும் என்றேன். கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது கைக்கு எட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் விரித்து வைத்துக்கொள்ளும் மேசைதான் ரேம். மேசை சின்னதாக இருந்தால், எடுப்பதும் வைப்பதுமாகவே பொழுது போய்விடும். என் கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஒரு ரேம். பெரிய வீடியோவை ஏற்றினால் அது மூச்சு முட்டியது. ரேம் விலையோ அந்த நேரத்தில் கண்டபடி ஏறிக் கிடந்தது. வேலையை விட்டு வந்தவள் நான், கணவரிடம் போய்க் கேட்க மனசு வரவில்லை. அம்மாவிடம் பெட்டியின் படத்தையே போனில் அனுப்பினேன். ஒரே பெட்டியில் இரண்டு இருக்கும். இரண்டையும் தொழிற்சாலையிலேயே சேர்த்து ஓட விட்டுப் பார்த்து, ஒத்துப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் சேர்த்து அடைப்பார்கள். சேர்த்து வாங்க வேண்டும், சேர்த்துப் போட வேண்டும். விஷயமே அதுதான்.

தீபாவளியன்று காலை புக்கிட் மேரா வீட்டில் அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். ஆளுக்கொரு தட்டு. வெற்றிலை, பாக்கு, ஆப்பிள், புடவை. புடவையின் மேல் ஆளுக்கு ஒரு ரேம். ஓரத்தில் குங்குமம் வேறு வைத்திருந்தாள்.

"நான் கேட்டது ரெண்டும்மா" என்றேன்.

"பெட்டியில ரெண்டு இருந்துச்சு. நீங்களும் ரெண்டு பேர். சரியாப் போச்சு" என்றாள் அம்மா.

"அதைப் பிரிக்கக் கூடாதும்மா."

"ஏன், உங்கக்கா வீட்டுல கம்ப்யூட்டர் இல்லையா?"

இருந்தது. அதைக் கட்டிக் கொடுத்ததே நான்தான். நான் எனக்காக ஒரு கம்ப்யூட்டர் கட்டப் போகிறேன் என்று தெரிந்ததும், மூத்தவளுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அதே மதர்போர்டு, அதே பிராசசர், அதே கறுப்புப் பெட்டி. பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கும் அக்காவுக்கு அவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. இப்போது அவள் கேட்காத ரேம் ஒன்றும் அவள் தட்டில் கிடந்தது. கேட்டவள் நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். அவள் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அதை என்னிடம் கொடுத்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. செத்தாலும் கேட்க மாட்டேன் என்று நினைத்தேன்.

தீபாவளி முடிந்த வாரம் ஒரு வீடியோ கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். சிங்கப்பூரில் நம் ஆட்களின் விசேஷங்களைப் படம் எடுப்பவர்கள் கைப்பிடியளவுதான். அவர்களுக்காக எடிட் செய்து கொடுப்பவர்கள் அதைவிடக் குறைவு. அங்கே வேலை பார்த்த எடிட்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாராம். கம்பெனிக்காரர் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"சிஸ்டர், ஒரு ஃபங்ஷன் அனுப்புறேன். மூணு கேமரா. அடுத்த சனிக்கிழமைக்குள்ள ஃபுல் வீடியோ வேணும். நல்லா வந்துச்சுன்னா இந்தக் கல்யாண சீசன் முழுக்க உங்களுக்குத்தான். வரலன்னா தப்பா நினைக்காதீங்க, வேற ஆளைப் பாத்துக்குவேன்."

கணவர் கொடுத்த ஒரு வருஷம் முடியப்போகிற சமயம். இந்த வேலை கைக்கு வந்தால் நான் வீட்டிலேயே இருக்கலாம். தவறினால் மறுபடியும் கப்பல் கம்பெனி, அதே மேலதிகாரி, அதே மூலை மேசை. ஹார்ட் டிஸ்க் வந்து சேர்ந்ததும் ஆசையாகத் திறந்தேன்.

முதல் காட்சியிலேயே என் அக்கா. கத்தரிப்பூ நிறப் பட்டுப் புடவையில், புக்கிட் பாஞ்சாங் சமூக மன்றத்தின் வாசலில் எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தாள். நான் போகாத விழா, மூன்று கேமராவில் என் மேசைக்கு வந்திருந்தது.

கம்பெனிக்காரரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், பழகுகிறவள் என்று யாரைச் சொன்னாயோ அவள் கையில்தானடி உன் விசேஷம் வந்து மாட்டியிருக்கிறது என்ற ஒரு குரூரமான சந்தோஷம். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

காட்சிகளைப் பிரித்து அடுக்கினேன். சீர்த்தட்டு வரிசை, தாய்மாமன் முறைக்கு வந்த ஒன்றுவிட்ட மாமா, மஞ்சள் தண்ணீர், ஆரத்தி. ஆரத்திக்கு முன்னால் ஒரு பெண்ணின் குரல், "சித்தி வரட்டுமே, கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டது. கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்ற அக்கா, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "அவ வந்தா என்ன, வராட்டி என்ன. நீங்க ஆரம்பிங்க" என்றாள். ஹெட்போனில் அது என் காதுக்குள்ளேயே சொன்ன மாதிரி தெளிவாக விழுந்தது. நான்கைந்து முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன். பிறகு அந்த இடத்தில் குரலை அழித்துவிட்டு நாதஸ்வரத்தைப் போட்டேன். என்னைத் திட்டியதை நானே துடைத்து எடுக்க வேண்டியிருந்தது, அதுவும் கூலிக்கு.

அதற்கப்புறமும் அவள் தட்டை வைத்துக்கொண்டு மண்டபக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கேமராவில் இல்லை, மூன்றிலும். சாப்பாட்டுக்காரர் வந்துவிட்டாரா என்று பார்க்கிறாள், மகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட இவளுக்குப் பிரியாணிக் கவலை என்று திட்டிக்கொண்டே அந்தக் காட்சிகளை எல்லாம் வெட்டித் தள்ளினேன். வீட்டுக்காரி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றால் வீடியோவில் நன்றாகவும் இருக்காது.

வெட்டுவது வரைக்கும் பழைய ஒற்றை ரேமே தாங்கியது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வீடியோவாக வெளியே எடுக்கும்போதுதான் படுத்துவிட்டது. எக்ஸ்போர்ட் பாதி ஓடும், திரை உறையும், பிறகு மெமரி போதவில்லை என்று ஒரு வரி. சரி, அம்மா கொடுத்ததைப் பக்கத்தில் போட்டுப் பார்ப்போம் என்று பெட்டியைத் திறந்து இரண்டாவது ரேமைச் செருகினேன். கிளிக் என்று உட்கார்ந்தது. சுவிட்சைத் தட்டினேன். காற்றாடிகள் சுற்றின. திரையில் ஒன்றும் வரவில்லை. மதர்போர்டின் ஓரத்தில் ஒரு ஆரஞ்சு விளக்கு மட்டும் எரிந்தது. ரேமை ஏற்க மாட்டேன் என்று அர்த்தம்.

இந்த வேலையில் முதலில் யாரையும் நம்பக் கூடாது, தன்னையும் சேர்த்து. ரேமைக் கழற்றிக் குங்குமத்தைத் துடைத்தேன். தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி அழுத்திப் போட்டேன். ஆரஞ்சு விளக்கு. ரேம் செருகும் ஸ்லாட்டை மாற்றினேன். பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் சரியான ஸ்லாட்டுகள். மற்றவற்றிலும் போட்டுப் பார்த்தேன். ஆரஞ்சு விளக்கு. பழைய ரேமைக் கழற்றிவிட்டு அம்மாவுடையதை மட்டும் போட்டேன். கம்ப்யூட்டர் சமர்த்தாக விழித்துக்கொண்டது. அம்மாவுடையதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் போட்டேன். அப்போதும் விழித்தது. தனித்தனியாக இரண்டும் நல்ல பிள்ளைகள். சேர்த்து உட்கார வைத்தால்தான் ஆகாது.

கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பயாஸ் புரோகிராமைப் புதுப்பித்தேன். ரேமின் வேகத்தைக் குறைத்து வைத்தேன். குறைந்த வேகத்தில் ஒருவழியாக இரண்டும் சேர்ந்து எழுந்தன. மெமரியைச் சோதிக்கும் புரோகிராமை ஓட விட்டேன். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். அந்த நிலைமையில் எக்ஸ்போர்ட் செய்தால் வீடியோ வெளியே வரும், ஆனால் எந்த இடத்தில் படம் சிதறும் என்று கடவுளுக்கும் தெரியாது. கோபத்தில் கம்ப்யூட்டரின் பக்கக் கண்ணாடியை ஓங்கி ஒரு அறை அறைந்தேன். கைதான் வலித்தது.

நடுநடுவே கம்பெனிக்காரர் வேறு மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தார். எங்கே வீடியோ, எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று. கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கோளாறு என்று பதில் போட்டேன். அவர் உடனே ஒரு குரல் பதிவை எனக்குத் தள்ளிவிட்டார். கஸ்டமர் அனுப்பியது, நீங்களே கேளுங்கள் என்று.

"என்ன லா ப்ரதர் இது? எத்தனை மாசமா இன்னும் எடிட் பண்றீங்க? காசு வாங்கும்போது மட்டும் கரெக்டா வாங்குனீங்க. எங்க வீட்டுல எல்லாரும் கேட்டுட்டே இருக்காங்க. நான் என்ன பதில் சொல்றது?"

பிறந்ததிலிருந்து கேட்டுச் சலித்த குரல். பேச்சே இல்லை என்று ஆன பிறகும், சுற்றிக்கொண்டு வந்து என்னைத் திட்டுகிறாள். எங்கள் வீட்டில் யாரும் அந்த வீடியோவைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன.

அவள் வீட்டிலும் அதே ஆரஞ்சு விளக்குதான் எரிந்திருக்கிறது. அவள் கணவர் ஏதோ வீடியோவைப் பார்த்துத் தானே ரேமைச் செருகியிருக்கிறார். கம்ப்யூட்டர் எழவில்லை, அன்றைய டியூஷன் நின்றுபோனது. குடும்ப வாட்ஸப் குழுவில் அக்கா எழுதினாள்: "கடையில வாங்குனா கடையில வாங்குனதுதான். வீட்டுல கட்டுனது இப்படித்தான் இருக்கும்." பெயர் எதுவும் சொல்லவில்லை. அத்தைமார்கள் சிரிக்கும் முகங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். நான் வீட்டுப் பால்கனியில் நின்று சத்தமாகவே அவளை வைதேன். எதிர் பிளாக்கில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த சீனப் பாட்டி உள்ளே போய்விட்டார்.

மானத்தை விட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். அக்காவிடம் இருக்கும் அந்த ஒன்றை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடு, ஜோடி சேர்ந்தால் என் வேலை முடிந்துவிடும், பதிலுக்கு என்னுடைய பழைய ரேமை அவளுக்கே கொடுத்துவிடுகிறேன், அதுவும் பழையதும் பழையதுமாக அங்கே ஒத்துப்போகும் என்று கெஞ்சினேன். சனிக்கிழமை கெடுவையும் சொன்னேன். யாருடைய வீடியோ என்று மட்டும் சொல்லவில்லை.

"ஒருத்திக்குக் குடுத்ததைத் திரும்பக் கேக்கிறதா? அதுவும் பண்டிகைக்குக் குடுத்தது" என்றாள் அம்மா. "அவளுக்குப் பழசு, உனக்குப் புதுசா? நாளைக்கு அவ என்னைக் கேக்க மாட்டாளா?"

"அவளுக்கு அது எதுக்குன்னே தெரியாதும்மா."

"அது உனக்குத் தேவையில்லாத பேச்சு."

மறுநாள் மத்தியானம் அம்மாவே என் வீட்டுக்கு வந்தாள். வேர்த்து விறுவிறுத்து, தேக்கா சந்தையின் கீரைக்கட்டோடு. கீரைக்கு அடியில் ஒரு ரேம். அதே மாடல், அதே எழுத்து, அதே வெள்ளித் தகடு.

"போய் இன்னொரு பெட்டி வாங்கிட்டேன். கடைக்காரன் கடைசிப் பெட்டின்னான்" என்றாள். முகமெல்லாம் பெருமை.

கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்தேன். "இன்னொன்னு எங்கம்மா?"

"உங்கக்காவுக்கு அனுப்பிட்டேன். காலையிலேயே அவ வீட்டுக்காரரு வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு."

பிரிக்காதே, பிரிக்காதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்ட பிறகும், இரண்டாவது பெட்டியையும் கடை வாசலிலேயே பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். வாய்க்கு வந்தபடி கத்தினேன். பெற்றவளிடம் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினேன். அவள் அசையவே இல்லை.

"இப்ப உன்கிட்ட ரெண்டு, அவகிட்ட ரெண்டு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டுவிட்டுக் கீரையை ஆய உட்கார்ந்தாள்.

அவள் இருக்கும்போதே தீபாவளி ரேமையும் இதையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். இந்த முறை கம்ப்யூட்டர் எழுந்தது. எனக்கே சந்தேகமாக இருந்தது, ஒருவேளை அம்மா சொன்னதுதான் சரியோ என்று. சோதனையை ஓட விட்டேன். மறுபடியும் சிவப்பு. ரேமின் விவரங்களைப் படிக்கும் இன்னொரு புரோகிராமைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. வெளியே ஒரே பெயர்தான், ஒரே எண்தான். தகட்டுக்குள் இருக்கும் சிப் முதல் பெட்டியில் ஒரு கம்பெனியுடையது, இரண்டாவது பெட்டியில் வேறு கம்பெனியுடையது. சரக்கு மாறினால் சொல்லாமலே உள்ளே மாற்றிவிடுவார்கள். ஆக, ஜோடிகள் இரண்டும் இப்போது முழுசாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பாதி என் வீட்டில், பாதி புக்கிட் பாஞ்சாங்கில்.

"அம்மா, என்கிட்ட இருக்கிற இந்தப் புதுசு அவளுக்கு. அவகிட்ட இருக்கிற தீபாவளி ரேம் எனக்கு. ஒண்ணு குடுத்து ஒண்ணு வாங்குறது. யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதுக்காவது ஒத்துக்குவியா?"

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே யோசித்தாள். அதில் குறை ஒன்றும் அவளுக்குத் தென்படவில்லை. "நான் சொல்றேன். ஆனா மாத்திக்கிறது நீங்க ரெண்டு பேரும் நேர்ல மாத்திக்குங்க. நான் எத்தனை தடவை தான் ரயில் ஏறுறது" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. அக்கா புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து நேராக ரயிலில் வந்தாள். வந்தவள் பயணக் கார்டைத் தட்டி வெளியே வரவில்லை. கட்டணத் தடுப்புக்கு உள்ளேயே நின்றாள். ஊரில் பாதிப் பேர் ஆன்லைனில் விற்ற சாமான்களை இப்படித்தான் தடுப்புக்கு மேலாகக் கை மாற்றிக்கொள்வார்கள், கட்டணம் மிச்சம் என்று. சொந்தத் தங்கச்சியிடமும் அதே முறை. வெளியே வந்தால் ஒரு டீ குடிக்க வேண்டி வருமோ என்று பயந்தாளோ என்னவோ. நானும் வா என்று கூப்பிடவில்லை.

நான் ரேமை அதற்குரிய உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவள் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை நீட்டினாள். உள்ளே டிஷ்யூவில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு.

"ரெண்டும் ஒண்ணுதானே? இதை எதுக்கு மாத்தணும்?" என்றாள். மாதக்கணக்கில் என்னிடம் பேசாதவள் பேசிய முதல் வார்த்தை அது.

"உனக்குச் சொன்னாப் புரியாது. இதையும் அம்மா இப்பக் குடுத்ததையும் மட்டும் ஜோடியாப் போட்டுப் பாரு, ஓடும்."

"ஓடலன்னா?"

"ஓடலன்னா குரூப்ல எழுது. அதான் உனக்கு நல்லா வருமே."

அவள் முகம் சிவந்தது. பக்கத்தில் ஸ்டேஷன் ஊழியர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படி என்ன தலை போற அவசரம் உனக்கு? அம்மாவை ரெண்டு தடவை அலைய விட்டிருக்கே" என்றாள்.

"நாளைக்கு ஒரு வேலை குடுக்கணும். கஸ்டமர் ஒருத்தி உயிரை எடுக்கிறா."

"எடுக்காம? காசு குடுத்தவங்களுக்குத்தான் தெரியும். என் பொண்ணு வீடியோவும்தான் இழுத்துட்டே போகுது. எவளோ ஒருத்தி எடிட் பண்றாளாம். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சாம். வேலை தெரியாதவ எல்லாம் எதுக்கு இந்தத் தொழிலுக்கு வர்றா?"

என் கையில் ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. அதை அவள் மேலேயே வீசியிருப்பேன். உள்ளே இருந்தது என் பிழைப்பு என்பதால் வீசவில்லை. "ஆமா, அவளுங்க அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

வீட்டுக்குப் போய் இரண்டையும் ஜோடியாகப் போட்டேன். ஆரஞ்சு விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. முழு வேகத்தில் வைத்துச் சோதனையை ஓட விட்டேன். ஒரு சிவப்பு வரிகூட இல்லை. எக்ஸ்போர்ட் எங்கேயும் நிற்காமல் கடைசி வரை ஓடியது. சனிக்கிழமை காலை வீடியோவை அனுப்பினேன். சாயங்காலமே கம்பெனிக்காரர் பேசினார். "கஸ்டமர் ரொம்ப ஹேப்பி, சிஸ்டர். ஜனவரியிலேர்ந்து கல்யாணம் எல்லாம் உங்களுக்குத்தான்" என்றார். கணவரிடம் சொன்னேன். பழைய வேலையைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. அக்காவின் கம்ப்யூட்டரும் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிட்டது என்று அம்மா சொன்னாள். குழுவில் அதைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். வீடியோ வந்துவிட்டது, சேர்ந்து பார்க்கலாம் என்று. நான் போனேன். அக்கா முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்கத்தான் போனேன், மீன் குழம்புக்காக இல்லை.

டிவியில் போட்டார்கள். அக்கா சோபாவின் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கம் சொன்னாள். சீர்த்தட்டு வரிசை வந்தபோது, "பாத்தியாம்மா, என்ன நீட்டா பண்ணியிருக்காங்க? இதுதான் தொழில் தெரிஞ்சவங்க வேலைங்கிறது" என்றாள். அம்மாவிடம் சொன்னாலும், எறிந்தது என் மேல். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். உள்ளுக்குள் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. இன்னும் கொஞ்சம் பேசு, பேசு என்று காத்திருந்தேன்.

ஆரத்தி வந்தது. நாதஸ்வரம் நான் போட்ட இடத்தில் சரியாக எடுத்தது.

அம்மா சும்மா இருந்திருக்கலாம். "இந்த நேரத்துல நீ இருந்திருக்கணும். சின்னவ இல்லையேன்னு உங்கக்கா எவ்வளவு தவிச்சா தெரியுமா?" என்றாள் என்னைப் பார்த்து.

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. "தவிச்சாளா? 'அவ வந்தா என்ன, வராட்டி என்ன, நீங்க ஆரம்பிங்க'ன்னு சொன்னவளா தவிச்சா?"

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அதை உனக்கு யாரு சொன்னா?"

நான் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

"அப்ப என் பக்கத்துல நின்னது ரெண்டு பேர். சித்தி வரட்டுமேன்னு கேட்டவ மலேசியாவுக்குத் திரும்பிப் போயிட்டா. இன்னொருத்தன் கேமராக்காரன்" என்றாள். டிவியைப் பார்த்தாள். அவள் வாய் அசைகிறது, சத்தம் நாதஸ்வரம். பிறகு என்னைப் பார்த்தாள். ரயில் நிலையத் தடுப்புக்கு மேலாக நான் வாங்கிக்கொண்ட டப்பா அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சனிக்கிழமைக் கெடுவும், உயிரை எடுக்கிற கஸ்டமரும். எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து உட்காருவதைப் பார்த்தேன். இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். இப்போது சொல்லு, பழகுகிறவள் வேலை எப்படி இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அவள் முந்திக்கொண்டாள்.

"அப்ப எல்லாத்தையும் பாத்திருக்கே. நான் சொன்னதைக் கேட்டிருக்கே" என்றாள். குரல் உயரவில்லை. "சொல்லிட்டு, நீ வந்துட மாட்டியான்னு தட்டைக் கையில வச்சுக்கிட்டு அந்தக் கதவையே பாத்துட்டு நின்னேனே. கை வலிச்சுப் போச்சு எனக்கு. அது எங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். அக்கா மகள் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

"வெட்டிட்டேன்" என்றேன்.